புற்று மண்ணுக்கு நான் எழுதிய சீட்டு

என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி அதில் நான் ஒன்று எழுத வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். "கடல் தாண்டிப் போய் மேல்படிப்பு படிச்ச பிள்ளைக்கு அப்பா நீங்க. எப்படிப் படிக்க வச்சீங்கன்னு எழுதுங்க" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். உட்கார்ந்து யோசித்தால், நான் படிக்க வைத்தேன் என்று எழுத ஒன்றும் அகப்படவில்லை. அவளாகப் படித்தாள். நான் செய்தது என்று பார்த்தால், அவள் படிக்கப் போன தீவுக்குள் நுழையவே முடியாதபடி ஒரு காரியம் செய்து வைத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன். கணக்கில் ஒரு தடவை தவறி, மறுபடி எழுதித் தேறினேன். குருவிகுளத்தில் வேளாண்மை ஆபீஸ் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது. சங்கரன்கோவிலில் வீடு. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்புவேன். ஃபைல் எடுத்துக் கொடுப்பது, விதை மூட்டை இறக்குவது என்று பல வேலை உண்டு. எனக்குப் பிடித்தது மண் எடுக்கிற வேலை.

காட்டில், எங்கள் பக்கம் வெள்ளாமை நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம், ஒரே இடத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது. பத்து இடத்தில் மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் அரையடிக்குச் சாய்வாக வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, தோசை மாதிரி வட்டமாகப் பரப்பி, விரலால் குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று கோடு கிழித்தால் நாலு பாகம் வரும். எதிரெதிர்ப் பாகம் இரண்டைத் தள்ளிவிட்டு, மீதியைத் திரும்பவும் கலந்து, திரும்பவும் நாலாகப் பிரிக்க வேண்டும். கடைசியில் அரைக் கிலோ நிற்கும். அந்த அரைக் கிலோ முழுக் காட்டுக்கும் சாட்சி. நிழலில் காய வைத்து, துணிப் பையில் போட்டு, சீட்டு எழுதிக் கட்டி, பரிசோதனைக்கு அனுப்புவோம். பெயர், ஊர், சர்வே எண், பாசனம், முன் பயிர், அடுத்த பயிர் என்று சீட்டில் அச்சடித்திருக்கும். தலைப்பில் 'மண் மாதிரி' என்று தமிழிலும் அதற்குக் கீழே இங்கிலீஷிலும் போட்டிருக்கும்.

பள்ளிக்கூட லீவில் என் மகளும் என்னோடு வருவாள். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீட்டு எழுதுகிற வேலையை அவளிடம் கொடுப்பேன். ஒரு தடவை கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் இரண்டு பேர் காட்டில் மண் எடுத்துவிட்டு, அப்புறம் எழுதலாம் என்று பையைக் கட்டி ஆபீஸ் பைக்கில் தொங்கவிட்டேன். ஆபீஸுக்கு வந்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டையும் கொட்டிவிட்டு, மறுநாள் வெயிலில் மறுபடி போய் இருபது குழி வெட்டினோம். அன்றைக்குப் பிறகு சீட்டு எழுதாமல் ஒரு பையைக்கூட நான் கட்டியதில்லை. வீட்டில் உளுந்து கட்டினாலும் கை தானாகப் பேனாவைத் தேடும். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அவள் வேளாண்மையே படித்தாள். பட்டம் வாங்கிய பிறகு மேற்கொண்டு படிக்க இன்டர்நெட்டில் தேடிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் போனை என் முன்னால் நீட்டினாள். நீலக் கடலுக்கு நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புள்ளி.

"இது என்னது மக்கா?"

"மால்டா. மத்தியதரைக் கடல்ல இருக்கு. அங்கனதான்ப்பா விண்ணப்பம் போட்டிருக்கேன்."

"அந்தப் புள்ளிக்குள்ள போயி என்னத்தப் படிப்ப?"

"மண்ணும் தண்ணியும். அங்க ஒரு ஆறு கெடையாதுப்பா. வருசத்துல கொஞ்ச நாள் மழை, மத்த நாள் வெயிலு. பெய்யுத மழையைப் பிடிச்சு வச்சு, கல்லடுக்கி மண்ணைக் காப்பாத்தி வெள்ளாம பண்ணுதாங்க. நம்ம குருவிகுளத்தைத் தூக்கிக் கடலுக்கு நடுவுல வச்சா எப்படி இருக்கும், அப்படி."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. குருவிகுளம் என்றால் எனக்குத் தெரியும்.

இடம் கிடைத்தது. படிப்புச் செலவை அவர்களே ஏற்றுக்கொள்கிற இடம், அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆனால் ஒரு கட்டுப்பாடு. குறித்த நாளில், அலுவலகம் மூடுவதற்குள், நேரில் போய்ப் பெயர் பதிய வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு அந்த இடம் போய்விடும். விசா வரத் தாமதமாகி, டிக்கெட் கிடைத்தது அந்தக் குறித்த நாளுக்குத்தான். நடுப்பகலில் இறங்குவாள், மாலைக்குள் பதிய வேண்டும். இடையில் கிடைப்பது மூன்று மணி நேரம்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் பெட்டி கட்டும்போது என் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாள். எங்கள் ஊர்க் கோவிலில் புற்று மண் கொடுப்பார்கள். அதுதான் இங்கே பிரசாதம். மேலில் அரிப்பு, தடிப்பு வந்தால் தண்ணீரில் குழைத்துப் பூசுவோம். என் மகளுக்குச் சின்ன வயதில் தண்ணீர் மாறினாலே கை கால் எல்லாம் தடித்துவிடும். அவள் அம்மா கோவிலுக்குப் போய் மண் வாங்கி வந்து பூசி, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பாள்.

"ஒரு பொட்டலந்தானட்டி. மூலையில கெடந்துட்டுப் போவுது."

"எம்மா, விதை, செடி, மண்ணு மூணும் கொண்டுவரக் கூடாதுன்னு தனியாப் போட்டிருக்கான்."

"சாமி மண்ணுக்குமா?"

"சாமி மண்ணுன்னு மிஷினுக்குத் தெரியாதும்மா."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க மண்ணு ஆபீஸ்லதான இருக்கீய. ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"பிள்ள சொல்லுதது சரிதான்" என்றேன்.

அவள் துணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். ஒரே சுடிதாரை நாலு தடவை மடித்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

புறப்படுகிற அன்று காலையில் கோவிலுக்குப் போனேன். ஒரு கைப்பிடி புற்று மண் வாங்கினேன். காகிதப் பொட்டலம் கிழிந்துவிடும் என்று தோன்றியது. ஆபீஸ் பைகள் வீட்டு அலமாரியில் நாலைந்து எப்போதும் கிடக்கும். புதிதாக ஒன்றை எடுத்து அதில் மண்ணைப் போட்டேன். பெட்டியில் எங்கே வைத்தாலும் கொட்டும், குக்கரில் வைத்தால் கொட்டாது. பிள்ளை அங்கே சோறு பொங்க வாங்கியிருந்த ஐந்து லிட்டர் குக்கர். அதற்குள் பையை வைத்து, மூடியைத் திருகி, துண்டு ஒன்றைச் சுற்றி, பெட்டிக்கு நடுவில் இறக்கிப் பூட்டினேன். ஊர் போய்ச் சேர்ந்து குக்கரைத் திறக்கிறபோது பார்க்கட்டும், அம்மாவிடம் சொல்லட்டும் என்று நினைத்தேன். மண் கூடாது என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஒரு கைப்பிடிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண் ஆபீஸில் இத்தனை வருசம் இருந்தவன் சொல்லிக்கொள்ளக் கூடாத சமாதானம் அது.

திருவனந்தபுரத்தில் அவளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். மறுநாள் லீவு போடலாம் என்று மனைவி சொன்னாள். வீட்டில் உட்கார்ந்தால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஆபீஸுக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் கூப்பிட்டாள். அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை.

"அப்பா, ஆபீஸ்லயா இருக்கீய?"

"ஆமா மக்கா. இறங்கிட்டியா?"

"இறங்கியாச்சு. ஏர்போர்ட் சோதனையில குக்கரத் திறந்துட்டாங்க. குக்கருக்குள்ள என்னத்த வச்சீய?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"கொஞ்சம் புத்து மண்ணு" என்றேன்.

 "சீட்டு வேற எழுதியிருக்கீய" என்றாள்.

எழுதியிருந்தேன். பையைக் கட்டும்போது கை தானாக எழுதிவிட்டது. பெயர் என்ற இடத்தில் மகள் பெயர். ஊர், சங்கரன்கோவில். பாசனம் என்ற இடத்தில் மானாவாரி என்றுகூடப் போட்டிருந்தேன். கோவில் புற்றுக்கு யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், மழைதானே.

"கைப் பழக்கம் மக்கா."

"தலைப்பு இங்கிலீஷ்லயும் இருக்குல்லாப்பா. மண் மாதிரின்னு. நான் படிக்க வந்திருக்கதும் மண்ணு. சாமி மண்ணுன்னு சொன்னா, பொறவு எதுக்கு சீட்டுன்னு கேக்காங்க. காட்டு மண்ணை ஆராய்ச்சிக்குக் களவாக் கொண்டுவந்துட்டேன்னு நெனைக்காங்க. அதுவும் மூடுன குக்கருக்குள்ள."

"இப்ப என்ன செய்வாங்க?"

"தெரியலப்பா. பெரிய அதிகாரி வாராங்களாம். திருப்பி அனுப்பவும் செய்யலாம்னு ஒருத்தர் சொல்லுதாரு. இல்லன்னாலும் இங்கனயே சாயங்காலம் ஆயிரும்."

சாயங்காலம் ஆனால் இடம் போய்விடும். 

எங்கள் ஆபீஸில் வேளாண்மை அலுவலர் ஒரு பெண். என்னைவிட வயதில் இளையவர், தேனிப் பக்கம். நான் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பக்கத்து மாவட்டத்துக்குக் கத்திரி நாத்து போனாலே வேர்ல ஒட்டுன மண்ணோட நோவு போகும்னு ஊர் ஊராச் சொல்றோம். நீங்கதான மைக் பிடிச்சீங்க?"

"ஆமா மேடம்."

"போனைக் குடுங்க."

அவர் போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கம் பெரிய அதிகாரி வந்துவிட்டிருந்தார். அவரும் ஒரு பெண்தான். வயதான குரல், நிதானமான இங்கிலீஷ். எங்கள் மேடம், பை எங்கள் ஆபீஸ் பை, மண் எங்கள் காட்டு மண் இல்லை, கோவிலில் கொடுப்பது, இதற்கும் அந்தப் பெண்ணின் படிப்புக்கும் சம்பந்தமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார்.

"யார் வச்சதுன்னு கேக்கறாங்க. இதை நீங்களே சொல்லுங்க, அண்ணாச்சி."

நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் அன்றைக்குச் செலவழித்தேன்.

"மேடம், ஐ புட். ஷி செட் நோ. ஐ புட். மை மிஸ்டேக்."

 அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. "ஒய்?"

அது எனக்கும் புரிந்தது. பதில்தான் இங்கிலீஷில் இல்லை. தமிழிலேயே சொன்னேன்.

"பிள்ள கூடாதுன்னுட்டா. அவ அம்மா ஒரே துணிய நாலு தடவ மடிச்சா. அதப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல."

இதை அங்கே மொழிபெயர்க்க வேண்டியவள் என் மகள். ஆரம்பித்தாள், நடுவில் நிறுத்தினாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு முடித்தாள். அம்மா துணி மடித்தது அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த அதிகாரி அம்மா பேசியதை எங்கள் மேடம் எனக்குச் சொன்னார். "இது சின்னத் தீவு. பாறைக்கு மேலே கொஞ்சம் மண், அவ்வளவுதான். இங்கே வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினாலும் நல்ல மண்ணைக் குப்பையில் கொட்ட முடியாது, எடுத்துக்கொண்டுபோய் வயலில்தான் போட வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது. அப்படிக் காப்பாற்றுகிற மண்ணில் எங்கிருந்தோ ஒரு பூச்சி வந்து சேர்ந்தால் எங்களுக்கு வேறு மண் கிடையாது. உங்கள் கோவிலை நான் குறைத்துப் பேசவில்லை." இவ்வளவும் சொல்லிவிட்டு, எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்று போனை வைத்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் வருத்தமே வரவில்லை. மண்ணுக்காக ஒருவர் இப்படிப் பேசிக் கேட்டால் எனக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். என் மகள் படிக்கப் போக வேண்டிய ஊர் அதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஊரின் வாசலிலேயே அவளை நான் நிறுத்தி வைத்துவிட்டேன் என்பதும் தெரிந்தது.

மேடம் ஆபீஸைப் பூட்டும்வரை அங்கேயே இருந்தேன். "வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. எதுவானாலும் பிள்ளை கூப்பிடுவா" என்றார். பஸ் ஏறினேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுப் பக்கம் போகாமல் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். புளியங்குடி பஸ் ஒன்று எலுமிச்சம்பழ மூட்டை வாசனையோடு வந்து நின்றது, போனது. மனைவி போன் செய்தாள்.

"எங்கன இருக்கீய? பிள்ள பேசுனாளா?"

"இறங்கிட்டா. பதியப் போயிருக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசல பாத்தீயளா?"

"அவசரத்துல இருக்கா. பேசுவா."

"சாப்ட்டாளாமா?"

"கேக்கல."

"அதக் கேக்காம வேற என்னத்தத்தான் கேட்டீய?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவளிடம் நான் பொய் சொல்கிறவன் இல்லை. அன்றைக்கு அந்த பெஞ்சில் ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே மூன்றரை மணிக்குப் பதிவு முடிகிறது என்றால் நமக்கு ஏழு. ஏழும் ஆயிற்று. போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி வருகிறவளை அழைத்துவரத் திருவனந்தபுரத்துக்கு எப்போது புறப்பட வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஏழே கால் மணிக்கு ஒரு படம் வந்தது. அட்டை ஒன்றில் என் மகள் முகம், அதற்குக் கீழே மாணவி என்று. கூடவே ஒரே வார்த்தை: 'சேந்தாச்சு.'

போன் செய்தாள். என்ன நடந்தது என்று சொன்னாள். மண்ணைப் பையோடு எரித்துவிடுவதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இனிமேல் இப்படிச் செய்தால் கடுமையாக நடவடிக்கை எடுப்போம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குக்கரைக் கழுவுவதற்கு ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் அந்த அதிகாரி அம்மா. கழுவி முடித்ததும் மணியைப் பார்த்துவிட்டு, அவரே பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார். "ஒரு பெண் எங்களிடம் இருக்கிறாள். தவறு அவளுடையது இல்லை. வந்துகொண்டிருக்கிறாள், மூடிவிடாதீர்கள்" என்று.

"நான் போவும்போது அங்க கதவு பாதி சாத்தியாச்சுப்பா. ஒரு அண்ணன் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்காரு. என்னையும் என் கையில இருக்க குக்கரையும் பாத்தாரு. 'நீதான் அந்தக் குக்கர் பொண்ணா, வா'ன்னாரு."

"குக்கரையும் தூக்கிட்டா போன?"

"பெட்டிய மறுபடி அடுக்க ஏது நேரம்? இனி இந்த ஊர்ல எம் பேரே அதுதான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கண் வேறு எனக்கு நனைந்திருந்தது. அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லுதேன். இனி என் பெட்டியில என்னத்த வச்சாலும் எங்கிட்ட சொல்லிட்டு வைங்க."

"சரி மக்கா."

"அம்மாட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"சொல்லாதீய. தன்னாலதான்னு நெனச்சு ஒடஞ்சு போவா. நான் வந்து பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்."

அவள் அங்கே இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருவாள். கல்லடுக்கிய வரப்புகளைக் காட்டுவாள். எங்கள் செவக்காட்டு மண் மாதிரியே சிவந்த மண், ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும்போல் சின்னச் சின்னத் துண்டு வயல்கள். ஒரு தடவை காட்டில் நின்றபடியே போன் போட்டு, "அப்பா பாருங்க, இங்கயும் நாலாப் பிரிச்சு ரெண்டத் தள்ளுதாங்க" என்றாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் மண்ணை வட்டமாகப் பரப்பி விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கோட்டைக் கோணலாகக் கிழித்தான். நேராகக் கிழிக்கச் சொல்லு என்றேன். சொன்னாள். அவன் போனைப் பார்த்துக் கும்பிட்டான்.

தண்ணீர் மாறியதில் அவளுக்குக் கையெல்லாம் தடிக்கத்தான் செய்தது. அவள் குடியிருந்த வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் தம்பி தோட்டத்து ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டுவந்து, தன் கையாலேயே தேய்த்துவிட்டாராம். வீடியோவில் அந்த அம்மாவை என் மனைவிக்குக் காட்டினாள். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "பிள்ளையப் பத்தித்தான்" என்றாள்.

படிப்பு முடித்துத் திரும்பி வந்த அன்று, வீட்டில் பெட்டியைத் திறந்ததும் முதலில் குக்கரைத்தான் எடுத்தாள். அடி கறுத்து, கைப்பிடி ஒன்று மாற்றியிருந்தது. "திறங்கப்பா" என்று என்னிடம் நீட்டினாள். மூடியைத் திருகினேன். உள்ளே ஒரு துணிப் பை. பழைய தலையணை உறையை வெட்டிக் கையால் தைத்தது. வாயில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. எங்கள் ஆபீஸ் சீட்டில் இருக்கிற அதே கட்டங்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அவள் கையெழுத்தில்.

மனைவி அதை வாங்கி வாசித்தாள். "பெயர், அப்பா. ஊர், கடற்கரைப் பாறை. பாசனம், கடல். முன் பயிர், உப்பு. அடுத்த பயிர், உப்பு." கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தாள். "அதிகாரியிடம் காட்டிவிட்டுக் கொண்டுவந்தது."

அங்கே கடலோரப் பாறையில் பாத்தி வெட்டிக் கடல்தண்ணீரைக் காய வைத்து எடுக்கிற உப்பு அது.

"உப்புக்கு எதுக்கு மண்ணு ஆபீஸ் சீட்டு?" என்று மனைவி கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். பக்குவமாகச் சொல்கிறேன் என்றவள் அவள்தான். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று எனக்குப் புரிந்தது. சொன்னேன். கோவிலுக்குப் போனதில் ஆரம்பித்து, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு வரைக்கும், அவளிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

என் மனைவி கையில் இருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் கேட்டத நீங்க வச்சுத்தான் விட்டிருக்கீய" என்றாள்.

"வச்சேன்."

"எரிச்சுட்டாங்களாக்கும்?"

"எரிச்சுட்டாங்க."

கொஞ்சம் யோசித்தாள். "சாம்பலு அந்த ஊர்லதான கெடக்கும்?"

"வேற எங்க போவும்."

"அப்பஞ் சரி" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவள் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்ததை விவரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் நான் அவள் பேச்சைத் தட்டிவிட்டேன் என்றே அவள் நினைத்திருந்தாள், அதை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த அதிகாரி அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. கதவைப் பாதி சாத்திவிட்டுக் காத்திருந்தவர் பெயரும் தெரியாது. இரண்டு பேரும் அன்றைக்கு அவரவர் வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. இதை எழுதிக் கொடுக்கும்போது அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று மகளிடம் கேட்டேன். இங்கிலீஷில் எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.

அன்று மத்தியானம் ரசத்துக்கு அந்தத் தீவு உப்பைத்தான் போட்டாள் என் மனைவி. நம் உப்பைவிடக் கரிப்பு தூக்கல், அளவு தெரியாமல் கூடிப்போயிற்று. மகள் என்னைப் பார்த்தாள், நான் மகளைப் பார்த்தேன். இரண்டு பேரும் இன்னொரு கரண்டி வாங்கி ஊற்றிக்கொண்டோம்.